டெடிங்டன் ஆராய்ச்சிக்கூடமும் அணிக் கணிதமும்

லண்டன் மாநகருக்குத் தென்மேற்கே, தேம்ஸ் நதியை ஒட்டிய டெடிங்டன் என்னும் ஊரில், நான்காம் வில்லியம் மன்னர் பட்டத்துக்கு வருமுன் நெடுங்காலம் வாழ்ந்ததும், அவர் மறைந்தபின் அவருடைய அரசி அடிலெய்டு வசித்ததுமான புஷி மாளிகை இருக்கிறது. அந்த மாளிகையில் 1902-ஆம் ஆண்டு பிரிட்டனின் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் திறந்துவைக்கப்பட்டபோது, தேசத்தின் அளவுகோல்களும் எடைக்கற்களும் கருவிகளும் பிழையற்றவையா என்று பரிசோதித்துச் சான்று தருவதே அதன் தலையாய கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பின், 1909-இல், ராலே பிரபுவின் தலைமையில் விமானத் துறைக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அரசாங்கம் நியமித்து, அதற்கு வேண்டிய பரிசோதனைகளை இந்தக் கூடத்திடம் ஒப்படைத்த காரணத்தால், அளவுகோல்களுக்காகத் தோன்றிய இடம் காற்றில் அசையும் பொருள்களின் கணக்கையும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அணி என்றும் மாட்ரிக்ஸ் என்றும் நாம் வழங்குகிற, எண்களை நிரை நிரலாகக் கட்டம் கட்டி நிறுத்தும் கணித சாதனம், ஏட்டுக் கணிதமாக இருந்த நிலையிலிருந்து உலக காரியங்களுக்கு வந்து சேர்ந்த சரித்திரத்தில் இந்த ஊருக்குத் தனியிடம் உண்டு. கல்லூரிகளில் அணிகளைக் கூட்டவும் பெருக்கவும் பயிலும் மாணவர்களுக்கு அந்தச் சரித்திரம் சொல்லப்படுவதில்லை. ஆகவே, இந்த விசித்திரமான பெருக்கல் விதி எதற்காக என்ற நியாயமான சந்தேகம் தீராமலே அவர்களில் பலர் தேர்வெழுதிவிட்டுப் போகிறார்கள்.

முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1916-ஆம் ஆண்டில், ஹேண்ட்லி பேஜ் என்ற பெரிய இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தின் வால், பறக்கும்போது பயங்கரமாக முறுக்கிக்கொண்டு அதிரத் தொடங்கிற்று. எஞ்சின்களின் அதிர்ச்சிதான் வாலுக்குப் பரவுகிறதோ என்று ஐயுறுவது எவருக்கும் இயல்பே. ஆனால் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற மேதை ஆராய்ந்து, அந்த அதிர்வு வேறு எதனாலும் தூண்டப்பட்டதன்று, விமானத்தின் உறுப்புகளும் அவற்றின்மீது பாயும் காற்றும் தமக்குள் சேர்ந்து வளர்த்துக்கொண்டது என்று கண்டார். விமானத்தின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் எலிவேட்டர் தகடுகள் வாலின் இரு பக்கங்களிலும் தனித்தனிக் கம்பிகளால் இயக்கப்பட்டமையால், ஒன்று மேலே போகும்போது மற்றொன்று கீழே போக இடமிருந்தது. உடற்பகுதியின் முறுக்கலும் அத்தகடுகளின் எதிரெதிரான ஆட்டமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டிய இரண்டு உறுப்புகளுக்கு இடையே பிணைப்புப் போதவில்லை என்பதே நோயின் மூலம். இரண்டையும் ஒரு விறைப்பான குழாயால் இணைத்துவிடுவதே அதற்குச் சொல்லப்பட்ட சிகிச்சை.

இந்த நோய்க்கு விமானத் துறையார் இட்ட பெயர் ஃபிளட்டர்; நாம் படபடப்பு என்று சொல்லலாம். இறக்கை ஒன்று மேலும் கீழுமாக வளைகிறது. அதே சமயத்தில் தன் நீள அச்சைச் சுற்றி முறுக்கவும் செய்கிறது. சாதாரணமாக, ஒவ்வோர் அசைவும் தனித்து நடந்தால் காற்றே அதை அடக்கிவிடும். இரண்டும் ஒரே கதியில், ஆனால் சற்று முன்பின்னாக நிகழும்போதோ, ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுகிறவன் ஒவ்வொரு தள்ளலிலும் அதன் வீச்சை ஏற்றிவிடுவதுபோல, காற்று ஒவ்வோர் அலைவிலும் தன் சக்தியில் ஒரு பங்கை இறக்கைக்குள் செலுத்திவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே பறக்கும்வரை எந்தச் சலனமும் தேய்ந்து மறையும். அந்த எல்லையைத் தாண்டியதும் மிகச் சிறிய சலனமும் பெருகிப் பெருகி, சில வினாடிகளுக்குள் இறக்கையை முறித்துவிடக்கூடும். விமானத்தைக் கட்டுவதற்கு முன்பே அந்த எல்லை வேகத்தைக் கணித்துச் சொல்ல முடியுமா என்பதே டெடிங்டன் கணிதர்களின் முன் நின்ற கேள்வி. விமானியின் உயிர் அதைப் பொறுத்திருந்தது.

சிறிய சலனம் வளருமா, தேயுமா என்ற இந்தக் கேள்வி, ஆதியில் வானத்தைப் பற்றியதாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லக்ராஞ்சும் லாப்லாஸும், அப்போது அறியப்பட்டிருந்த கிரகங்களின் பாதைகள் ஒன்றையொன்று இழுத்து நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல மாறுகின்றனவே, அந்த மாற்றம் ஓர் எல்லைக்குள் ஊசலாடிக்கொண்டிருக்குமா, அல்லது கூடிக்கொண்டே போய்ச் சூரிய மண்டலத்தைச் சிதறடித்துவிடுமா என்று கேட்டார்கள். அதற்காக அவர்கள் எழுதிய சமன்பாடுகளின் கெழுக்களை இன்று நாம் ஓர் அணியாக எழுதுவோம். அந்தக் கெழுக்களிலிருந்து பிறக்கும் ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டின் மூலங்களே முழு அமைப்பின் விதியையும் நிர்ணயிக்கின்றன என்பது அவர்கள் கண்ட பேருண்மை. அவற்றைத்தான் சிறப்பியல்பு மூலங்கள் என்கிறோம். ஒவ்வொரு மூலமும் அமைப்புக்குச் சாத்தியமான ஒரு தனி அசைவைக் குறிக்கிறது. மூலத்தின் மெய்ப்பகுதி குறையெண்ணாக இருந்தால் அந்த அசைவு தேயும், நிறையெண்ணாக இருந்தால் வளரும். இரண்டு மூலங்கள் ஒன்றாகிவிட்டால் காலத்தோடு பெருகும் உறுப்பு தோன்றி ஸ்திரத்தன்மை போய்விடும் என்று அவ்விருவரும் நம்பினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வகை அமைப்புகளில் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்று வயர்ஸ்ட்ராஸ் 1858-ஆம் ஆண்டில் நிரூபித்தார். ஆகவே அந்தப் பிழை ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் நிலவிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வி வானத்திலிருந்து நீராவி எஞ்சினுக்கு இறங்கிற்று. எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்துவதற்காகப் பொருத்தப்பட்ட கவர்னர் என்ற கருவி, சில வேளைகளில் வேகத்தை நிறுத்துவதற்குப் பதிலாக அதைக் கூட்டியும் குறைத்தும் தானே தள்ளாடுவதன் காரணத்தை 1868-இல் ஆராய்ந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மூன்றாம் படிச் சமன்பாடு வரையில் விடை கண்டு, அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பொதுவிதி வேண்டும் என்று விட்டுவைத்தார். பின்னர் கேம்பிரிட்ஜின் ஆடம்ஸ் பரிசுக்கு அதே பொருள் தலைப்பாகக் கொடுக்கப்பட்டபோது, தலைப்பை நிர்ணயித்தவர்களுள் மாக்ஸ்வெல்லும் ஒருவர். 1877-இல் பரிசு பெற்ற எட்வர்ட் ரூத், 1854-ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் மாக்ஸ்வெல்லை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலிடம் பெற்றவர். மூலங்களைக் கண்டுபிடிக்காமலே, கெழுக்களை மாத்திரம் கொண்டு, எல்லா மூலங்களும் தேயும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று சொல்லிவிடும் யுக்தி ரூத்துடையது. டெடிங்டனில் லெனர்ட் பேர்ஸ்டோவும் ஆர்தர் ஃபேஜும் 1916-இல் வாலின் படபடப்புக்கு முதன்முதலாகக் கணக்கு எழுதியபோது, இத்தகைய ஸ்திரத்தன்மைக் கணிதமே அவர்களுக்குப் பூர்வாங்கமாக இருந்தது.

ராபர்ட் ஃபிரேசரும் வில்லியம் டங்கனும் 1928-இல் எழுதி வெளிவந்த இறக்கைப் படபடப்பு பற்றிய அறிக்கையை, விமானத் துறையார் படபடப்பின் வேதம் என்று பாராட்டிப் பயன்படுத்தினார்கள். அந்தப் பாராட்டு மிகையன்று. வளைதல், முறுக்கல், ஐலரான் என்ற ஓரத் தகட்டின் ஆட்டம் ஆகிய மூன்று அசைவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டதோடு, படபடப்பை எப்படித் தவிர்ப்பது என்று விமானம் கட்டுகிறவனுக்குப் புரியும் பாஷையில் அது விதிகள் வகுத்துத் தந்தது. ஆனால் மூன்று அசைவுகளுக்கே சமன்பாடுகள் பக்கம் பக்கமாக விரிந்தன. மெல்லிய நீண்ட இறக்கைகளும், புரொப்பெல்லர் தகடுகளும் வந்தபின், பத்து அசைவுகளை ஒருங்கே வைத்துக் கணக்கிட வேண்டிய காலம் நெருங்கியது. பழைய முறையில் அது மனிதப் பிரயத்தனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடும்.

அந்த நெருக்கடியில்தான் அணிகள் பிரவேசிக்கின்றன. அவை பிறந்த இடம் யந்திரங்களின் ஆரவாரம் எட்டாத இடம். ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் யூதர் என்பதனால் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற முடியாமற்போனவர். ஆர்தர் கேலி, கல்லூரிப் பதவிக்காகக் காத்திராமல் லண்டனில் சொத்துப் பத்திரங்கள் எழுதும் வக்கீலாகப் பதினான்கு ஆண்டுகள் தொழில் செய்தவர். அந்த இருவரும் வக்கீல் தொழிலின் இடையிடையே சந்தித்துப் பேசிய கணிதத்திலிருந்து விளைந்தது இது. சில்வெஸ்டர் 1850-இல் மாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார். கேலி 1858-இல், வயர்ஸ்ட்ராஸின் நிரூபணம் வந்த அதே ஆண்டில், அணிகளை எண்களைப் போலவே கூட்டவும் பெருக்கவும் கூடிய ஒரு தனிக் கணிதமாக அமைத்து எழுதினார். ஓர் அமைப்பின் நிலையை ஓர் அணி மாற்றுகிறது, மாறிய நிலையை இன்னோர் அணி மேலும் மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒரே மாற்றம் எதுவோ அதுவே அவற்றின் பெருக்கற்பலன். மாணவர்களை மருட்டும் பெருக்கல் விதிக்கு இதைத் தவிர வேறு ரகசியம் இல்லை. ஒவ்வோர் அணியும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவேற்றுகிறது என்ற புகழ்பெற்ற தேற்றத்தை அக்கட்டுரையில் சொன்ன கேலி, இரண்டு, மூன்று நிரைகளுக்குச் சரிபார்த்ததோடு நின்று, பொது நிரூபணத்துக்குச் சிரமப்படத் தேவையில்லை என்று விட்டுவிட்டார். அந்தக் குறையை ஃபுரோபீனியஸ் 1878-இல் தீர்த்தார்.

கேலியும் சில்வெஸ்டரும் வளர்த்த இயற்கணிதப் பரம்பரையில் வந்த ஜான் ஹில்டன் கிரேஸிடம் கேம்பிரிட்ஜில் அணிகளைக் கற்றவர் ஃபிரேசர். மூன்று அசைவுப் படபடப்பை அணியாக எழுதினால் எத்தனை சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைகிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. ஆயினும் அவருடைய அபிமானம் அமைப்பின் அழகில்தான் அதிகம் சென்றது. எண்களாக விடை வேண்டும் என்ற நிர்ப்பந்தம் டங்கனுக்கும், கேம்பிரிட்ஜிலிருந்து புதிதாக வந்த இளைஞர் ரோடரிக் காலருக்கும் ஏற்பட்டது. புரொப்பெல்லர் தகடு ஒன்றின் அதிர்வைக் கணக்கிட அதைப் பத்துத் துண்டுகளாகப் பாவித்து, பத்து நிரையுள்ள அணி ஒன்றை எழுதினார்கள். பத்தாம் படிச் சமன்பாட்டை விரித்து அதன் மூலங்களைத் தேடுவது விரும்பத்தக்க காரியமன்று. அப்போது அவர்கள் கவனித்த உண்மை இது: தகடு அதிரும் வடிவத்தை உத்தேசமாக ஊகித்து, பத்து எண்களாக எழுதி, அந்த அணியால் பெருக்கினால், வெளிவரும் பத்து எண்கள் முன்னிலும் திருத்தமான வடிவத்தைத் தருகின்றன; அவற்றை மறுபடி அதே அணியால் பெருக்கினால் இன்னும் திருத்தம். ஊகம் எத்தனை மோசமாக இருந்தாலும் பாதகமில்லை. ஊகித்த வடிவத்துக்குள் எல்லா அசைவுகளும் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு பெருக்கலிலும் மிகப் பெரிய மூலத்துக்குரிய அசைவு மற்றவற்றைவிட அதிகமாகப் பெருகுவதால், சில தடவைகளுக்குப் பின் அதுவே எஞ்சி நிற்கிறது. 1934-இல் அவர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபான் மீசஸ் முதலியோர் 1929-இலேயே இதையொத்த முறையைக் கண்டிருந்தார்கள் என்றாலும், அதிரும் யந்திர உறுப்புகளின் கணக்கில் அணிகளை அன்றாட ஆயுதமாக்கிய பெருமை டெடிங்டனைச் சேர்ந்தது.

ஃபிரேசர், டங்கன், காலர் மூவரும் சேர்ந்து எழுதிய அணிகள் பற்றிய நூல் 1938-இல் கேம்பிரிட்ஜில் வெளியாயிற்று. இயக்கவியலுக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் அணிகளைப் பிரயோகிப்பதே அதன் நோக்கம் என்பது தலைப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. பொறியியலாளர் கைக்கு வந்த முதல் அணி நூல்களுள் ஒன்றான அது பல பதிப்புகளைக் கண்டது. அதைவிடத் தெளிவான நூல்கள் பின்னால் வந்திருக்கலாம். ஆனால், பக்கத்துக்குப் பக்கம் எண்ணால் போட்டுக் காட்டிய உதாரணங்களோடு, தாங்களே கைவருந்திக் கணக்கிட்டவர்கள் எழுதிய நூல் என்ற தன்மை அதற்கே உரியது.

மறுபடியும் யுத்தம் வந்தது. 1943-ஆம் ஆண்டில் ஃபிரேசரின் குழுவில், விமான உற்பத்தி அமைச்சகத்தின் சார்பில், ஓல்கா டவுஸ்கி என்ற பெண்மணி சேர்ந்தார். ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் ஓல்மூட்ஸ் நகரில் 1906-இல் பிறந்து, வியன்னாவில் எண் கோட்பாட்டில் டாக்டர் பட்டம் பெற்று, கோட்டிங்கனில் ஹில்பர்ட்டின் நூல் தொகுதியைப் பதிப்பிப்பதில் துணைநின்று, யூதர்களுக்கு ஜெர்மனியில் இடமில்லாத காலம் வந்தபின் இங்கிலாந்தில் குடியேறிய அவர், தூய கணிதத்தின் பக்தை. விமான இறக்கை அவருக்கு அறிமுகமில்லாத பொருள். அங்கே அவர் கண்டது, கலப்பெண்களாலான ஆறு நிரை அணிகளின் மூலங்களை, யுத்த சேவைக்காக அழைக்கப்பட்ட இளம் பெண்கள் கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணக்கீட்டு யந்திரங்களில் ஓயாது கணித்துக்கொண்டிருந்த காட்சி. ஓர் அணிக்குரிய விடை வருவதற்கு நாட்கள் ஆகும். வேகத்தைச் சற்று மாற்றினால் அணியும் மாறும். கணக்கு முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டும். அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த நூலின் முகப்பிலும் இல்லை. அவர்கள் சுழற்றிய கைப்பிடிகளின்மேல்தான் அந்தக் காலத்து விமானங்களின் பத்திரம் நின்றது என்பதை இந்தச் சரித்திரத்தை எழுதுகிற எவரும் சொல்லாமல் விடலாகாது.

அந்த உழைப்பைக் குறைக்க டவுஸ்கி கையாண்டது, லெனின்கிராடில் செம்யோன் கெர்ஷ்கோரின் என்பவர் 1931-இல் வெளியிட்ட ஒரு சிறு தேற்றம். கலப்பெண்களை ஒரு தளத்தின் புள்ளிகளாகக் குறிப்பது கணித வழக்கு. அணியின் ஒவ்வொரு நிரையிலும் மூலைவிட்டத்தில் நிற்கும் எண்ணை மையமாகவும், அந்த நிரையின் மற்ற எண்களின் பருமன்களைக் கூட்டி வரும் தொகையை ஆரமாகவும் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், அணியின் எல்லா மூலங்களும் அந்த வட்டங்களுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது அத்தேற்றம். கூட்டல் ஒன்றுதான் வேலை. வட்டங்கள் யாவும் தேயும் பக்கத்தில் விழுந்துவிட்டால் அந்த வேகத்தில் படபடப்பு இல்லை என்று உடனே தீர்மானிக்கலாம். எல்லையைக் கடக்கும் வட்டங்கள் இருந்தால், அணியைத் தக்கவாறு உருமாற்றி வட்டங்களைச் சுருக்கிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காதவற்றுக்கு மட்டும் முழுக் கணக்குப் போட்டால் போதும். மூலங்களின் சரியான மதிப்பை அறிவது வேறு, அவை அபாயமற்ற பக்கத்தில் இருக்கின்றனவா என்று அறிவது வேறு என்ற விவேகமே இதன் சாரம். ரூத்தின் யுக்தியும் அந்த விவேகத்திலிருந்து பிறந்ததே. இத்தேற்றத்துக்கு அடிப்படையான கருத்து லேவி, டெப்ளாங்க், மின்கோவ்ஸ்கி, ஹடமார் என்று பலரால் மறுபடி மறுபடி கண்டுபிடிக்கப்பட்டு மறுபடி மறுபடி மறக்கப்பட்ட கதையை டவுஸ்கி 1949-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அதன் பிறகே கெர்ஷ்கோரினின் பெயர் உலகெங்கும் பரவத் தொடங்கியது. அவரோ 1933-இலேயே, முப்பத்தோராம் வயதில், இறந்துவிட்டிருந்தார். தம் வட்டங்கள் எங்கெங்கே பயன்படப் போகின்றன என்பதை அவர் அறிய நேரவில்லை என்பதை நினைக்கையில் வருத்தம் மேலிடுகிறது.

யுத்தம் முடிந்ததும் டெடிங்டனில் கணிதத்துக்கென ஒரு தனிப் பிரிவு அமைந்தது. ஆலன் டூரிங்கும் ஜேம்ஸ் வில்கின்சனும் அதில் வந்து சேர்ந்தார்கள். இத்தனை பெருக்கல்களிலும் கடைசித் தசமத்தில் தள்ளிவிடும் சிறு பிழைகள் சேர்ந்து விடையையே விழுங்கிவிடுமோ என்ற பயம் அக்காலத்துக் கணிதர்களைப் பீடித்திருந்தது. பதினெட்டுச் சமன்பாடுகளைக் கொண்ட ஒரு தொகுதி அப்பிரிவுக்கு வந்தபோது, ஃபாக்ஸ், குட்வின், டூரிங், வில்கின்சன் என்ற நால்வரும் ஏறக்குறைய இரண்டு வாரம் அமர்ந்து கையால் தீர்த்துப் பார்த்தார்கள். தோல்விதான் காத்திருக்கிறது என்று டூரிங் எதிர்பார்த்திருக்க, விடையோ எவரும் நம்பத் துணியாத அளவு துல்லியமாக வந்தது. அந்தப் பிழைகளின் போக்கை டூரிங் 1948-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் திட்டமிட்ட யந்திரத்தின் சிறிய முன்மாதிரி 1950-ஆம் ஆண்டு மே மாதத்தில் இயங்கத் தொடங்கிற்று. கைப்பிடிகளின் காலம் முடிந்தது. மூலங்களைக் கணிக்கும் முறைகளைப் பற்றி வில்கின்சன் 1965-இல் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் ஆதார கிரந்தமாக விளங்குகிறது.

இனி, இதே கணிதம் மனிதர்களும் யந்திரங்களும் ஒருமைப்படும் பிரச்சினைக்குச் சென்ற வழியைச் சொல்ல வேண்டும். ஒரே அணியால் மீண்டும் மீண்டும் பெருக்குவது டங்கனுக்கும் காலருக்கும் விடை காணும் உபாயமாக இருந்தது. உலகில் சில அமைப்புகளோ அந்தப் பெருக்கலைத் தாமே செய்துகொண்டிருக்கின்றன. முன்னோடியாக 1906-இல் ரஷ்யாவின் ஆந்திரேய் மார்க்கோவ், ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் ஒன்றாக உள்ள அணிகளை ஒத்த தொடர்களை ஆராய்ந்தார். 1913-இல் அவர் புஷ்கினின் யெவ்கேனி ஒனேகின் காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிர் 8,638, மெய் 11,362 என்று தாமே எண்ணி, உயிரின் பின் உயிர் வரும் வாய்ப்பு 0.128 என்றும், மெய்யின் பின் உயிர் வரும் வாய்ப்பு 0.663 என்றும் கண்டார். இந்த எண்களாலான அணியைத் தொடர்ந்து பெருக்கிப் பாருங்கள். எந்த எழுத்தில் தொடங்கினாலும், சில அடிகளுக்குப் பின் உயிரின் பங்கு 0.432 என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கும். தொடக்கத்து வேற்றுமை ஒவ்வொரு பெருக்கலிலும் சுருங்கிவிடுகிறது.

இந்தச் சுருக்கத்தைச் சமூக விவகாரங்களில் காண ஜான் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளர் 1956-இல் வழி செய்தார். மாரிஸ் டிகுரூட் என்ற புள்ளியியல் அறிஞர் 1974-இல் அதற்குத் தெளிவான கணித உருவம் கொடுத்தார். ஒரு வேலை முடிய 90 நாள் ஆகும் என்று ஒரு நிபுணரும் 30 நாள் என்று மற்றொருவரும் மதிப்பிடுவதாகக் கொள்வோம். முதல்வர் தம் கருத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும் மற்றவர் கருத்துக்கு ஒரு பங்கும் மதிப்பளிக்கிறார். இரண்டாமவர் தம் கருத்துக்கு ஆறில் ஐந்து பங்கும் மற்றவருக்கு ஒரு பங்கும் அளிக்கிறார். ஒரு முறை கலந்து பேசியபின் அவர்களுடைய மதிப்பீடுகள் 70, 40 என்று ஆகின்றன. மறுமுறை 60, 45. அதற்கு அடுத்த முறை 55, 47.5. வேற்றுமை 60-லிருந்து 30, 15, 7.5 என்று ஒவ்வொரு முறையும் பாதியாகிறது. பாதி என்பதே அந்த அணியின் இரண்டாவது மூலம். இறுதியில் இருவரும் 50 என்ற எண்ணில் உடன்படுகிறார்கள். அது இரண்டின் நடு எண்ணான 60 அன்று. பிறர் பேச்சுக்கு எளிதில் இணங்காதவர் பக்கம் முடிவு சாய்ந்திருக்கிறது. உடன்பாட்டில் யாருடைய செல்வாக்கு எவ்வளவு என்பதையும் அணியே சொல்லிவிடுகிறது என்பதில் எனக்குத் தீராத வியப்பு உண்டு.

இதுவரை பெருக்கிய அணி மாறாதது. ஆயினும், ஒரே திசையில் ஒருமைப்பட்டுப் பறக்கும் பறவைக் கூட்டத்தில் ஒவ்வொரு பறவைக்கும் அண்டையில் இருக்கும் பறவைகள் கணத்துக்குக் கணம் மாறுகின்றனவே. அப்போது பெருக்க வேண்டிய அணியும் மாறிக்கொண்டே இருக்குமன்றோ? புடாபெஸ்டின் டமாஷ் விசெக் என்பவரும் துணைவரும் 1995-இல், சமீபத்தில் உள்ளவற்றின் திசைகளுக்குச் சராசரி எடுத்துத் தன் திசையை அமைத்துக்கொள்ளும் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் உலவவிட்டு, தலைமை ஏதுமின்றியே அவை ஒரே திசையில் செல்லத் தொடங்குவதைக் காட்டினார்கள். காட்டியது பிரத்தியட்சம், காரணம் நிரூபணமாகவில்லை. வெவ்வேறு அணிகளை எந்த வரிசையில் பெருக்கிக்கொண்டே போனாலும் எப்போது எல்லா நிரைகளும் ஒன்றாகிவிடும் என்பதற்கு ஜேகப் வோல்ஃபோவிட்ஸ் 1963-இல் எழுதிய ஒரு குறுங்கட்டுரை, வேறு எதற்கோ எழுதப்பட்டு நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. அலி ஜட்பாபாயி, ஜீ லின், ஸ்டீபன் மோர்ஸ் என்ற மூவரும் 2003-இல் அதைக் கையிலெடுத்து, ஒரு கணத்தில் கூட்டம் பிளவுபட்டிருந்தாலும் பரவாயில்லை, அடுத்தடுத்த கால அளவுகளில் ஏற்படும் தொடர்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அனைவரும் இணைக்கப்பட்டிருந்தால் திசை ஒருமைப்படும் என்று நிறுவினார்கள்.

டவுஸ்கி 1957-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று, ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். அதே கழகத்தில் ரேஸா ஒல்ஃபாட்டி-ஸபேரும் ரிச்சர்ட் முர்ரேயும் 2004-இல் எழுதிய கட்டுரை, செய்தி பரிமாறிக்கொள்ளும் யந்திரக் கூட்டங்கள் ஒருமைப்படும் கணக்குக்கு ஆதாரமாக அமைந்தது. ஒவ்வொரு யந்திரமும் தன் அண்டையில் உள்ளவற்றுடன் தனக்குள்ள வேற்றுமைகளைக் கூட்டி, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதாக அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இதற்குரிய அணியில் மூலைவிட்ட எண் அண்டையர் எண்ணிக்கையின் குறையெண். அந்த நிரையின் மற்ற எண்களின் கூட்டுத்தொகையும் அண்டையர் எண்ணிக்கையே. ஆகவே கெர்ஷ்கோரின் வட்டங்கள் யாவும் தேயும் பக்கத்தில் விழுந்து, எல்லைக்கோட்டைப் பூஜ்யத்தில் மட்டும் தொட்டு நிற்கின்றன. இறக்கையின் கணக்கில் எல்லையைத் தொடுவதே அபாய அறிகுறி. இங்கோ பூஜ்யத்தில் நிற்கும் அந்த ஒரு மூலம்தான் எல்லோரும் அடையும் உடன்பாட்டைக் குறிப்பது, மற்ற மூலங்களெல்லாம் தேய்ந்து மறையும் கருத்து வேற்றுமைகள். அவற்றுள் மிக மெதுவாகத் தேய்வது எது என்பதைச் சொல்லும் எண்ணைப் பிராகாவின் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973-இல், ஒரு வலையின் பிணைப்பு வலிமைக்கு அளவாக, ஆராய்ந்திருந்தார். பிணைப்பு மிகுந்தால் அந்த எண் வளரும். உடன்பாடு விரைவில் வரும்.

ஆனால் செய்தி வந்து சேரத் தாமதமாகுமானால் கணக்கு மாறுகிறது. ஒவ்வொருவரும் மற்றவருடைய பழைய நிலையைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும்போது, திருத்தம் அளவுக்கு மீறிப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. தொடர்புகள் இருவழியாகவும் தாமதம் எங்கும் ஒரே அளவாகவும் இருக்கும் கூட்டத்தில், அந்தத் தாமதம், பை (π) என்ற எண்ணை மிகப் பெரிய மூலத்தின் பருமனைப் போல் இருமடங்கால் வகுத்துக் கிடைக்கும் காலத்துக்குள் அடங்கினால்தான் கூட்டம் ஒருமைப்படும். மீறினால் வேற்றுமைகள் ஊசலாட்டமாகி வளரும் என்று அவர்கள் காட்டினார்கள். மிகப் பெரிய மூலம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு மறுபடியும் கெர்ஷ்கோரின் வட்டமே விடை சொல்கிறது: அதிக அண்டையரைக் கொண்ட யந்திரத்தின் அண்டையர் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு, அதற்கு மேல் இல்லை. ஆகவே அண்டையர் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது உடன்பாட்டை விரைவுபடுத்தும் அதே வேளையில், பொறுக்கத்தக்க தாமதத்தையும் குறைத்துவிடுகிறது. வினாடிக் கணக்கில் ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு பங்கு எடை வைத்து இயங்கும் கூட்டத்தில் எந்த யந்திரத்துக்கும் பத்துக்கு மேற்பட்ட அண்டையர் இல்லையென்றால், பையை நாற்பதால் வகுத்து வரும் 0.078 வினாடி வரையிலான தாமதத்தை அஞ்ச வேண்டியதில்லை. இருபது அண்டையர் வரை போகலாம் என்றால் அந்தப் பத்திரமான எல்லை அதில் பாதியே.